பதினோரு கிளாஸ் சுரைக்காய்ச் சாறு

ஒரு மனித உயிரின் விலை அன்று காலை ஏழு மணி நிலவரப்படி இருபது. இஞ்சி போட்டால் இருபத்திரண்டு. எலுமிச்சை இலவசம்.

விலை சொன்னவருக்கு அது உயிரின் விலை என்று தெரியாது. சுரைக்காய்ச் சாற்றின் விலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். பூங்காவில் நடைப்பயிற்சி முடித்து வியர்த்து வழிய வெளியே வருகிறவர்கள் தப்பவே முடியாத இடமாகப் பார்த்து, கிழக்கு வாசலில் வண்டி போட்டிருந்தார். வண்டியில் ஒரு மிக்ஸி, ஒரு எவர்சில்வர் ஜாடி, இரண்டு வடிகட்டி, போனில் காசு வந்து விழுந்தால் உரக்க அறிவிக்கும் ஒரு சின்னப் பெட்டி. மேலே தகரப் பலகையில் சிவப்பு எழுத்து: 'கொழுப்பு கரையும், சர்க்கரை குறையும், ரத்தம் சுத்தமாகும்.' இதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று யாரும் வந்து கேட்டதில்லை. இளைத்தவர்கள் சாற்றால்தான் இளைத்தோம் என்றார்கள். இளைக்காதவர்கள் இன்னும் ஒரு மாசம் குடிக்க வேண்டும்போல என்றார்கள். எப்படிப் பார்த்தாலும் கடைக்கு லாபம்.

எல்லோரும் அவரைத் தராசு என்று கூப்பிட்டார்கள். எதைக் கையில் தூக்கினாலும் எடையைச் சொல்லிவிடுவார். "மாப்பிள்ளை என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார், எனக்கே என் எடை தெரிஞ்சுபோச்சு" என்று மாமனாரே சொல்வதுண்டு. தராசின் அப்பா வெங்காய வியாபாரி. தராசு பிறந்தது ஆஸ்பத்திரியில் என்றாலும் அவருக்குப் பேச்சு வந்தது சந்தையில். அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "நல்லா இருக்குன்னு சொல்றவன் வாங்க மாட்டான்டா. குறை சொல்றவன்தான் வாங்குவான்." இரண்டாவது பாடம்: விற்கிற சரக்கை வாயில் போடுகிற வியாபாரி லாபத்தைத் தின்கிறான்.

சந்தையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காது தனியாக வளர்ந்துவிடும். அங்கே பேச்சு என்பது செய்தி அல்ல, விலை. 'புழு இருக்கு' என்றால் கிலோவுக்கு நாலு குறை என்று பொருள். 'வதங்கிப் போச்சு' என்றால் ஆறு குறை. யாராவது 'அழுகல்' என்று கத்தினால் ஒருவரும் குனிந்து அழுகலைத் தேட மாட்டார்கள். எவ்வளவு இறங்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். இந்தக் காது தராசுக்கு நாற்பது வருஷம் சோறு போட்டது. அன்று காலை அதே காதுதான் அவரைக் கவிழ்த்தது.

மூன்று மாதமாக மழை இல்லை. காலை எட்டு மணிக்கே தார் சாலை செருப்பைப் பிடித்து இழுத்தது. சுரைக்காய் வரத்து பாதியாகி, விலை ரெட்டிப்பாகி, பத்து நாளாகத் தராசு கிளாஸில் நுரையை ஏற்றிச் சாற்றை இறக்கிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அன்று விடிகாலையில் மண்டியின் கடைசி மூலையில் ஒரு மூட்டை பிரிந்து கிடந்தது. குட்டையும் கோணலுமாக, கழுத்துச் சிறுத்து, தோல் தடித்த காய்கள். மாணவர் விடுதி ஒன்றுக்குக் காய் வாங்கும் சமையல்காரர் அதில் ஒன்றைக் கீறி, ஒரு சீவலை நாக்கில் வைத்து, உடனே துப்பினார்.

"கசக்குதுய்யா. பேய்ச்சுரை மாதிரி கசக்குது. யாரும் வாங்காதீங்க" என்றார் சுற்றி நின்றவர்களிடம்.

தராசு உள்ளுக்குள் கைதட்டினார். என்ன சாமர்த்தியம்! போட்டிக்கு நிற்கிறவர்களை ஒரே வார்த்தையில் விரட்டிவிட்டு, மூட்டையைக் கால் விலைக்கு அமுக்கப் பார்க்கிறான் மனிதன். மற்றவர்கள் விலகினார்கள். தராசு முந்திக்கொண்டு பாதி விலைக்குக் கேட்டார். மண்டிக்காரர் மூச்சுவிடாமல் கொடுத்துவிட்டார். சமையல்காரர் தோளைக் குலுக்கிவிட்டு நடந்தார். நாலடி போய்த் திரும்பிப் பார்ப்பது பேரத்தில் பழைய வித்தை. சமையல்காரர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதையாவது தராசு கவனித்திருக்கலாம்.

ஏழு மணிக்கு வியாபாரம் தொடங்கியது. முதல் கிளாஸைக் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். அவருக்கு எப்போதும் இஞ்சி இரண்டு மடங்கு வேண்டும். அதனால் தராசின் கணக்கில் அவர் ரெட்டை இஞ்சி. வாடிக்கையாளர் யாருடைய பெயரும் தராசுக்குத் தெரியாது. உப்பில்லாதவர், வடிகட்டியம்மா, பாட்டில்காரர் என்று சாற்றை வைத்தே ஆளை அறிவார். ரெட்டை இஞ்சி அன்று போனை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். போய்ப் பணம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, என்னமோ கசக்கிறதே என்று இழுத்தார்.

"கசந்தாத்தான் சார் மருந்து. இனிக்கறதுக்கு மிட்டாய்க் கடை இருக்கு" என்றார் தராசு.

இந்த வாக்கியம் அந்த இடத்திலேயே பிறந்தது. நன்றாக விலைபோனது. அடுத்து வந்த எல்லோரிடமும் அதையே சொன்னார். எலுமிச்சையைக் கொஞ்சம் தாராளமாகப் பிழிந்தார். குடித்தவர்களும், மருந்து என்றால் கசக்கத்தானே செய்யும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். இன்றைக்குச் சரக்கு வீரியமாக இருக்கிறது என்று வடிகட்டியம்மா பாராட்டக்கூடச் செய்தார்.

எட்டு மணிக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஒல்லி, சர்க்கரைக்காரர். நாலு வருஷமாக ஒரு நாள் தவறாமல் சரியான சில்லறையோடு வருகிறவர். ஒருநாள்கூட ஒரு குறை சொன்னதில்லை. அன்று பாதியில் நிறுத்திக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"தம்பி, இன்னிக்கு ரொம்பக் கசக்குது."

தராசின் காதில் அது வேறாக விழுந்தது. நாலு வருஷ வாடிக்கை, பாவம், விலைவாசி ஏறிக்கிடக்கிறது, ஏதாவது சலுகை எதிர்பார்க்கிறார். காசைக் குறைத்தால் நாளைக்கும் குறைக்க வேண்டிவரும். சரக்காகக் கொடுத்தால் இன்றோடு போயிற்று. ஜாடியைத் தூக்கி, அவர் கிளாஸில் அரைக் கிளாஸ் கூடுதலாக ஊற்றினார். "பெரியவருக்கு நம்ம கணக்குல" என்றார்.

ஓசி என்றால் பினாயிலையும் குடிப்பான் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. தபால்காரர் அந்த ரகம் இல்லை. முப்பத்தெட்டு வருஷம், கையில் கொடுத்ததை நடுவழியில் போட்டுவிட்டுப் போகாத மனிதர் அவர். ஒருவர் அன்பாகக் கொடுத்ததைக் கொட்டக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு முழுதும் குடித்தார். கிளாஸைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர் ஒருவர்தான். பூங்காவுக்குப் பின்னால் இருந்த தாவர ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். கண்ணாடிக் கூடத்தில் செடிகளை வரிசையாக வைத்து, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, பாதிக்கு ஊற்றாமல், எது எத்தனை நாள் தாங்குகிறது, தாங்கும்போது அதன் உடம்புக்குள் என்னென்ன மாறுகிறது என்று அளப்பது அவருடைய உத்தியோகம். "செடியைத் தாகத்துல போட்டுப் பார்க்கச் சம்பளமா மேடம்? எங்க வீட்டுல அத நான் சும்மாவே செய்யறேன்" என்று தராசு ஒருமுறை கேலி செய்ததும், அந்தப் பெண் சேர்ந்து சிரித்ததும் உண்டு. முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஏட்டுச் சுரைக்காய் என்று பெயர் வைத்திருந்தார். ஆள் படிப்பாளி, பேரம் பேசத் தெரியாது. சொன்ன விலையை எடுத்து நீட்டுவார். அவரிடம் விற்கும்போதெல்லாம், சீட்டாடத் தெரியாதவரிடம் ஜெயித்த மாதிரி தராசுக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

அவர் ஒரு வாய் உறிஞ்சினார். உறிஞ்சியதை விழுங்காமல் சாக்கடைப் பக்கம் திரும்பித் துப்பினார். தண்ணீர் வாங்கி மூன்று முறை வாயைக் கொப்பளித்தார்.

"ரொம்பக் கசக்குது. இத எத்தன பேர் குடிச்சாங்க அண்ணே?"

"இஞ்சி கொஞ்சம் சேர்க்கவா மேடம்? வேணும்னா அஞ்சு குறைச்சு..."

"எத்தன பேர்?"

தராசின் கை ஜாடிமேல் நின்றுவிட்டது. பேரம் பேசத் தெரியாத ஒரே வாடிக்கை குறை சொல்லிவிட்டு விலையைப் பற்றிப் பேச மறுக்கிறது. அந்தப் பெண்ணின் வார்த்தையை விலையாக மாற்றிக் கேட்க வழியே இல்லை. கசக்கிறது என்றால், கசக்கிறது என்றுதான் அர்த்தமாக இருக்க வேண்டும்.

"பதினோரு பேர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கசந்தா நல்லதுதானே மேடம்? பாகக்கா கசக்கல?" என்று கேட்டார். குரலில் கெஞ்சல் இருந்தது.

"அது பிறவிக் கசப்பு. கசக்கக் கூடாதது கசந்தாத்தான் பயப்படணும்." அந்தப் பெண் மிச்சமிருந்த காயைக் கையில் எடுத்துத் திருப்பினார். "ஆடு மாடுன்னா வெயிலுக்கு நிழல் தேடி ஓடும். கொடி எங்கண்ணே ஓடும்? நின்ன இடத்துலயே தன்னோட உள்வேலையத்தான் மாத்திக்கும். இலையில இருக்கிற பொடிப்பொடி வாயையெல்லாம் மூடிடும், தண்ணி வெளிய போகாம. மூடினா சாப்பாடு செய்யறதும் குறைஞ்சுடும். அதனால வளர்றத நிறுத்திடும். இருக்கிறத வெச்சு வேரக் காப்பாத்தும். அந்த நேரத்துல எவனாவது வந்து கடிச்சா தாங்காதுன்னு, சில கொடி காய்க்குள்ள விஷக் கசப்ப ஏத்தி வெச்சுக்கும்."

தராசுக்கு அது அட்சரம் பிசகாமல் புரிந்தது. கெட்ட காலத்தில் கதவைப் பாதி சாத்திவிட்டு, புதுச் சரக்கு எடுக்காமல், கையிருப்பை எல்லாம் காவலுக்குச் செலவழிக்கிற வியாபாரி. அந்தக் காவலாளியைத்தான் அவர் மிக்ஸியில் போட்டு அரைத்திருக்கிறார்.

வெயிலில் வாடிய எல்லாக் காயும் இப்படி ஆகாது என்றும், எது ஆகியிருக்கிறது என்பதை நாக்கு மட்டும்தான் சொல்லும் என்றும், வேகவைத்தாலும் இந்தக் கசப்பு போகாது என்றும் அந்தப் பெண் படபடவென்று சொன்னார். குடித்த அரை மணியிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தமாகவும் போகலாம், ரத்த அழுத்தம் சரிந்துவிடும். "வயசானவங்க, சர்க்கரை இருக்கிறவங்க செத்தே போயிருக்காங்கண்ணே. இதுக்கு மாத்து மருந்து கிடையாது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனா டிரிப் ஏத்திக் காப்பாத்தலாம். நான் ஆஸ்பத்திரிக்குப் பேசறேன். நீங்க யார் யார்னு பாருங்க." சாலை இரைச்சலுக்கு ஒதுங்கி, பூங்காவுக்குள் போய்ப் போனைக் காதில் வைத்தார்.

வண்டியருகே தராசு தனியாக நின்றார். விரலை ஜாடியில் விட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் சரக்கை நாக்கில் வைத்தார். கசப்பு நாக்கோடு நிற்கவில்லை. காதுமடல் வரைக்கும் ஏறியது. துப்பினார். துப்பத் துப்ப எச்சில் ஊறியது.

அடுத்து மனசு செய்த வேலையை அவர் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை, அதனால் இங்கேயும் மறைக்க வேண்டியதில்லை. ஜாடியில் அரை லிட்டர் மிச்சம். பக்கத்தில் சாக்கடை. கவிழ்த்து, கழுவி, சக்கையைக் குப்பைத் தொட்டியில் போட்டால் என்ன சாட்சி? பதினோரு பேரும் பதினோரு வீட்டில் என்னென்னவோ தின்றிருப்பார்கள். வெயில் காலத்தில் வயிறு யாருக்குத்தான் சரியாக இருக்கிறது? சொன்னால் கடை போகும், உரிமம் போகும், ஒருவேளை தானும் உள்ளே போக வேண்டிவரும். கை ஜாடியைச் சாய்த்துவிட்டது. ஒரு கோடு பச்சையாகச் சாக்கடையில் இறங்கியது.

அப்போது பெட்டி பேசியது. "இருபத்திரண்டு வரவு வந்தது."

ரெட்டை இஞ்சி. வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன் என்று சொன்னவர், அனுப்பிவிட்டார். தராசு ஜாடியை நிமிர்த்தினார். பணம் வந்த எண்ணைக் கூப்பிட்டார். எடுத்தது ஒரு பெண்.

"வீட்டுக்காரர் பாத்ரூம்ல இருக்காருங்க. வந்ததுல இருந்து நிக்காம வாந்தி. சாத்துக்குக் காசு போடல, காசு போடலன்னு அந்த நிலைமைலயும் ஒரே புலம்பல். நான்தான் போட்டுவிட்டேன். வந்துச்சா?"

விஷத்தைக் குடித்துவிட்டு, அதற்குக் கடன் வைக்கக் கூடாதென்று துடிக்கிறான் ஒரு மனிதன்.

"வந்துச்சும்மா" என்றார். "அது என் சாத்தாலதான் வாந்தி. காய் கெட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. சுரைக்காய்க் கசப்புன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க."

சொல்லியாகிவிட்டது, இனி பின்வாங்க வழியில்லை. மிச்சச் சாற்றை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடினார், டாக்டர்களிடம் காட்ட. பிறகு போனைத் தோண்டினார். பதினொன்றில் ஏழு பேர் போனில் பணம் கொடுத்தவர்கள். ஏழு எண் இருந்தது. வடிகட்டியம்மா ஏற்கெனவே படுத்துவிட்டார். உப்பில்லாதவர் வண்டியை ஓரமாக நிறுத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பாட்டில்காரர் ஒருவர்தான் அதிர்ஷ்டசாலி. அலுவலகத்துக்குப் போய்க் குடிக்கலாம் என்று பாட்டிலில் வாங்கிப்போனவர், வேலை மும்முரத்தில் மூடியையே திறக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் அதே நாலு வாக்கியம். சிலர் திட்டினார்கள். ஒருவர், "நீதானேய்யா மருந்துன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

காசாகக் கொடுத்தவர்கள் நாலு பேர். இரண்டு பேர் எதிர் டிப்போவின் பஸ் ஓட்டுநர்கள். ஒருவர் வண்டி எடுக்கும் முன்பே பிடிபட்டார், மற்றவரை டிப்போக்காரர்கள் வழியில் போன் செய்து இறக்கினார்கள். மூன்றாவது, பக்கத்து வங்கியின் காவல்காரர். நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். பத்து பேர் ஆயிற்று.

பதினோராவது, தபால்காரர். ஒன்றரைக் கிளாஸ்.

தகவல் தெரிந்து தராசின் மனைவி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்திருந்தார். ஆராய்ச்சிப் பெண் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போக, தராசு மனைவியின் பின்னால் ஏறிக்கொண்டார். நாலு வருஷம் தினமும் பார்த்த மனிதருக்கு வீடு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை.

"வாயில வெச்சுப் பார்த்தீங்களா, இல்லையா?" வண்டி ஓட்டிக்கொண்டே மனைவி கேட்டார்.

"விக்கிற சரக்க வாயில வைக்கக் கூடாதுன்னு அப்பா..."

"உங்கப்பா வித்தது வெங்காயம். அத எவன் கடிச்சுப் பார்ப்பான்? நீங்க விக்கறது அடுத்தவன் வயித்துக்குள்ள நேரா போற சாமான்."

மனைவி அதற்குமேல் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

தபால் நிலையத்தில் கூட்டம். முகவரி கேட்டதற்கு, ஓய்வுபெற்றவர் விவரத்தை வெளியாளுக்குக் கொடுக்க விதியில்லை என்றார் கவுன்ட்டர்காரர். எழுதிக் கொடுங்கள், மேலதிகாரி பதினொன்றரைக்கு வருவார். தராசு விஷயத்தைச் சொன்னார். கவுன்ட்டர்காரர் நம்பாமல் பார்த்தார். ஏதோ கடன் வசூலுக்கு வந்தவன் கதை கட்டுகிறான் என்று அந்த முகம் சொன்னது. சொல்வதை நம்ப வைக்க முடியாமல் நிற்பது எப்படிப்பட்ட நிலை என்று தராசுக்கு அப்போது தெரிந்தது. வாட்ச்சைப் பார்த்தார். பத்தே முக்கால். குடித்து மூன்று மணி நேரம் ஆகப்போகிறது.

"நான் கொடுத்தது விஷம் சார். நான்தான் கொடுத்தேன்" என்றார், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

உள்ளே கடிதம் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார். "அச்சகத்துக்குப் பின்னாடிச் சந்து. பச்சைக் கேட்டு, மாடி" என்றார். ஊரில் இருக்கிற அத்தனை வீட்டையும் தெரிந்துவைத்திருந்த மனிதரின் வீட்டைத் தெரிந்துவைத்திருந்தது அந்த ஒருவர்தான்.

கீழ்வீட்டில் மகள் இருந்தார். அப்பா தூங்குகிறார், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு மேலே போனார், எழுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றார். தராசு அதற்குள் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். கூப்பிட்டார். காதை வைத்தார். உள்ளே எங்கோ குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மகள் முகம் மாறியது. மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் ஆணியோடு பிய்ந்து வந்தது.

குளியலறை வாசலில் அவர் ஒருக்களித்துக் கிடந்தார். தரையில் ரத்தம் கலந்து கிடந்தது. கை ஜில்லென்று இருந்தது. தராசு அவரைத் தூக்கினார். ஐம்பத்திரண்டு கிலோ என்று மனசு தானாகச் சொன்னது. அந்தப் பழக்கத்தை அந்த நொடியில் அவர் வெறுத்தார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. ஆராய்ச்சிப் பெண் முன்பே வந்து, என்ன காய், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று டாக்டர்களிடம் சொல்லியிருந்தார். இல்லையென்றால் கெட்டுப்போன சாப்பாடு என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்றார் நர்ஸ். தபால்காரருக்கு இரண்டு கையிலும் டிரிப் ஏறியது. அழுத்தம் ஏறவில்லை. ஏறியது. மறுபடி இறங்கியது. நடையில் கிடந்த பெஞ்சின் ஒரு முனையில் மகளும் மறுமுனையில் தராசும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூன்று பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது, யாரும் உட்காரவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் இருவரும் சேர்ந்து எழுந்தார்கள், சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

நாலு மணிக்குச் சுகாதார ஆய்வாளர் படிவத்தோடு வந்தார். பலகையிலிருந்து ஜாடி வரைக்கும் கேட்டு எழுதினார். தராசின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, பேனாவை நிறுத்தி, அறியாமல் நடந்தது என்று போட்டுக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

நல்ல விலை. முன்பின் யோசிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டிய விலை.

"வேணாம் சார்" என்றார் தராசு. "மண்டியில ஒருத்தர் சொன்னாரு. வண்டியில இந்தப் பெரியவர் சொன்னாரு. மத்தவங்க மூஞ்சியும் சொல்லுச்சு. அறியாம இல்ல. கேக்காம நடந்ததுன்னு போடுங்க."

ஐந்து மணிக்கு, இரண்டு நிமிஷம் பார்க்கலாம் என்றார்கள். மகள் போய்விட்டு வந்தார். அப்பா உங்களைக் கூப்பிடுகிறார் என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. தராசு கட்டிலருகே போய் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். தபால்காரர் கண்ணைத் திறந்தார். உதடு காய்ந்திருந்தது. கோபம் இல்லை. உண்மையிலேயே புரியாத ஒன்றைக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"நான் வெலையக் குறைக்கச் சொல்லலையே தம்பி. கசக்குதுன்னுதானே சொன்னேன்?"

தராசு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். ஆராய்ச்சிப் பெண் பக்கத்தில் நின்றார், சமாதானம் சொல்லவில்லை. "அந்தக் கொடியும் அதையேதான் சொல்லுச்சு அண்ணே" என்றார். "தண்ணி இல்ல, தாங்க முடியலன்னு கத்த அதுக்கு வாய் கிடையாது. கசப்பாத்தான் சொல்லும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசு போனை எடுத்தார். தன் எல்லா வாடிக்கையாளருக்கும், சந்தையில் தெரிந்த அத்தனை பேருக்கும் ஒரு செய்தி தட்டினார். பலகைக்கு எழுதுவதுபோல அலங்காரம் எதுவும் இல்லை. 'சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கை, பூசணி எதுவானாலும் நறுக்கினதும் ஒரு சின்னத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். இஞ்சி எலுமிச்சை போட்டு மறைக்காதீர்கள். வேகவைத்தாலும் போகாது. குடித்துவிட்டு வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன குடித்தோம் என்று சொல்லுங்கள். கசந்தால் மருந்து என்று சொன்னவன் நான். அது பொய். ஒருவர் குறை சொன்னால் அதற்கு விலை போடுவதற்கு முன்னால், அது உண்மையா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.'

அனுப்பிவிட்டு டாக்டரைத் தேடிப் போனார். தபால்காரருக்குச் சிறுநீர் இன்னும் சரியாக இறங்கவில்லை, நாளைக் காலைவரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

ஆய்வாளரின் படிவத்தில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. தராசு சொல்லச் சொல்ல அவர் நிரப்பினார். சாறு வாங்கியவர் பதினோரு பேர். குடிக்காமல் தப்பியவர் ஒருவர். வீடு திரும்பியவர் ஆறு பேர். டிரிப்பில் இருந்தாலும் பயமில்லை என்று டாக்டர் சொன்னவர் மூன்று பேர்.

ஆகப் பத்து பேர் கணக்கு நேர். ஒருவர் நிலுவை.